இழித்துரைத்த வகையில்

சலவைக் கூடத்துக்குக் குறிப்பாணை வந்தபோது ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றின் முன்பாதி சூட்டு உருளைக்குள் போய்விட்டிருந்தது. பின்பாதி, அந்த உருளையால் பெயர் பெற்ற ரோலரக்காவின் கையில் இருந்தது. அந்த நிலையில் யார் கூப்பிட்டாலும் திரும்ப முடியாது. திரும்பினால் துணி கோணும். கோணினால் சுருக்கம் விழும். அந்தச் சூட்டில் விழுந்த சுருக்கத்தை மறுபடி நனைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே அலுவலக உதவியாளர் நீட்டிய உறையை அவள் பல்லால் கவ்வி வாங்கிக்கொண்டாள். குறிப்பாணையைப் பல்லால் பெற்றுக்கொண்டது தனிக் குற்றமாகுமா என்று பிற்பாடு மேலே ஒரு யோசனை நடந்ததாகக் கேள்வி.

"என்னக்கா, நிரந்தர உத்தரவா?" என்றார் உலர்த்தி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். நாள் முழுக்க வெந்நீர்ப் புகைக்குள் நிற்பதால் அவருக்கு ஆவி என்று பெயர். பெயருக்கேற்றாற்போல் கூப்பிட்டால் வரமாட்டார், கூப்பிடாதபோது பக்கத்தில் நிற்பார்.

உறை வாயில் இருந்ததால் அக்கா "ம்ம்" என்றாள். அவருக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. எட்டு வருஷமாக அவள் அந்த உருளையின் முன் நிற்கிறாள். எட்டு வருஷமும் தற்காலிகம். இந்த மாதக் கடைசியில் மூன்று பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அதில் இரண்டாவது பெயர் அவளுடையது. நிரந்தரமானால் முதுகு வலித்தால் லீவு எடுக்கலாம். அதுவரை முதுகு வலித்தால் வலிக்கும், அவ்வளவுதான்.

தேநீர் வேளையில் அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். ஆவி எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்.

'கடந்த வியாழக்கிழமை முற்பகல் பதினொன்று பத்து மணியளவில், வாடிக்கையாளர் பிரதிநிதிகள் முன்னிலையில், மஞ்சள் கோட்டினைத் தாண்டி வந்து, தங்கள் மேலதிகாரியாகிய துணிப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரை இழித்துரைத்த வகையில் தாங்கள் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாகத் தெரியவருகிறது. தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்குமாறு...'

எட்டு வருஷமாக அங்கே அவளை 'ஏம்மா', 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரே கடிதத்தில் இத்தனை 'தாங்கள்' பார்த்ததும், வந்தது தனக்குத்தானா என்று உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இழித்துரைத்தன்னா என்ன?"

"தெரியலைக்கா. ஏதோ கெட்ட வார்த்தை பேசுனதாப் போட்டிருக்காங்க."

"நான் எங்கண்ணே கெட்ட வார்த்தை பேசினேன்?"

"அதான். பேசியிருந்தீங்கன்னா எனக்கும் ஒரு திருப்தியா இருந்திருக்கும்."

நடந்தது இதுதான்.

ஒருங்கிணைப்பாளர் போன வருஷம் வரைக்கும் வெறும் மேற்பார்வையாளராக இருந்தார். மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தார். வந்ததும் மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகை சிறியதாகிவிட்டது, பெரியதாக ஒன்று செய்து வைத்தார். வாய்க்குள் அடங்காத அந்தப் பதவியில் கடைசிச் சொல்லின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு, கூடத்தில் இருந்தவர்கள் 'ஒருங்கு' என்று ஆக்கினார்கள். அவர் பேசமாட்டார், அறிவிப்பார். குழாயை மூடு என்பதற்கு 'நீர் விரயம் தவிர்க்கப்பட வேண்டும்' என்பார். யாரையாவது கண்ணீர் வரும்வரை ஏசிவிட்டு, 'இது ஏச்சல்ல, அறிவுறுத்தல்' என்று முடிப்பார். பில் போடும் பிரிவிலிருந்து வந்தவர். வந்த நான்கு வருஷத்தில் தம்முடைய கைக்குட்டையைத் தவிர வேறு துணியைத் தொட்டவரில்லை.

அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெண் அதிகாரிகள் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். தொழிலாளர்கள் எல்லாரும் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், கேட்டாலொழியப் பேசக் கூடாது என்று உத்தரவு. ஒருங்கிணைப்பாளர் மூன்று பேனா குத்திய சட்டையோடு மடிப்பு மேஜை முன் நின்று, "மடிப்பு என்பது ஓர் ஒழுக்கம்" என்று தொடங்கினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல பேச்சு என்று பெயர் வாங்கியிருப்பார். கை சும்மா இருக்கவில்லை. அடுக்கிலிருந்து ஒரு விரிப்பை உருவினார்.

அவர் உருவியது நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பு. அதை மடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் இரண்டு மூலைக்குள் கை விட்டுத் தூக்க வேண்டும். எதிரில் நிற்பவர் மற்ற இரண்டு மூலைக்குள் கை விட வேண்டும். மூலைக்குள் மூலையைச் செருகி, நடந்து வந்து கைக்குக் கை மாற்ற வேண்டும். அந்தக் கூடத்தில் இதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவது கிடையாது. ஒருவர் ஒரு முனையைத் தூக்கினால் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் மறுமுனையை எடுப்பார். இரண்டு வருஷமாக முகம் பார்த்துப் பேசாத இருவர் அங்கே உண்டு. அவர்கள்கூட தினம் நூறு விரிப்பைச் சேர்ந்து மடிப்பார்கள், கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எல்லாரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அனுப்பியவர் அவர்தான். எலாஸ்டிக் அவரைச் சும்மா விடவில்லை. ஒரு மூலையைப் பிடித்தால் இன்னொன்று சுருண்டது. அதைப் பிடித்தால் முதலாவது நழுவி முழங்கையில் மாட்டியது. ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு முடிவதற்குள் விரிப்பு அவர் மார்பில் ஒரு கைக்குழந்தையைப் போலச் சுருண்டு கிடந்தது. வந்தவர்களில் வயதானவர், கோட்டுக்குப் பின்னால் முதலில் நின்ற ரோலரக்காவைப் பார்த்து, "இப்படித்தாம்மா எங்களுக்கு மடிச்சு அனுப்புவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. சாருக்கு விரிப்பு மடிக்கத் தெரியாது. குடுங்க சார்."

சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து வாங்கி, ஆவியோடு சேர்ந்து நாலு வீச்சில் மடித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றாள். அவ்வளவுதான். வந்தவர்கள் சிரிக்கக்கூட இல்லை. ஒருங்கிணைப்பாளருக்குத்தான் காது இரண்டும் உருளையில் சுட்டதைப் போலச் சிவந்துவிட்டன.

குறிப்பாணை வந்த வாரம் முழுக்க மழை. ரோலரக்காவின் வீட்டு முன்னறையில் கணவரின் தையல் இயந்திரம், வெட்டிய சீருடைத் துணி, காயாத துணி தொங்கும் கயிறு எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் உட்கார்ந்து மூன்று பேர் சாப்பிட வேண்டும். மூன்றாவது ஆள் நாத்தனார். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் வேலை. ஒரு சாண் ஓட்டை வழியாக நாளுக்கு ஆயிரம் பேரிடம் பேசிப் பேசி அவள் நாக்கு நல்ல பதத்தில் இருந்தது.

தையல்காரர் குறிப்பாணையை விளக்கடியில் பிடித்து மூன்று தடவை படித்தார். பிறகு சட்டைத் துணியைப் போல் விளிம்பைத் தடவிப் பார்த்தார். அதனால் தெளிவு எதுவும் பிறக்கவில்லை.

"மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு" என்றார். "மாசக் கடைசிவரைக்கும் தலையைக் குனிஞ்சு போயிட்டா பட்டியல்ல பேர் நிக்கும்."

"எதுக்குன்னு எழுதறது?"

"இழித்துரைத்ததுக்கு."

"அப்படின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? வருந்துகிறேன்னு போட்டுக் கையெழுத்துப் போடு."

"தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படிங்க வருத்தப்படுறது? நாளைக்கு அது திருட்டுன்னு தெரிஞ்சா?"

நாத்தனாருக்குக் கோபம் வேறு திசையில் வந்தது. "அண்ணி, நீங்க சொன்னது அவ்வளவுதானா? மடிக்கத் தெரியாது, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"மூஞ்சியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை."

"நடையைப் பத்தி? அந்த மூணு பேனாவைப் பத்தி?"

"சொல்லலைடி."

"இதுக்குப் போயி ஒரு குறிப்பாணையா? நான் தினம் சொல்றதுக்கெல்லாம் காகிதம் அடிக்க ஆரம்பிச்சாங்கன்னா ஒரு காடு பத்தாது. என்னை ஒரு நாள் உங்க கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க அண்ணி. கோட்டுக்குப் பின்னாடியே நின்னு பேசுறேன். இழித்துரைன்னா என்னன்னு அந்தாளு வீட்டுக்குப் போயி எழுதி வெச்சுக்கட்டும்."

"நீ வாயை மூடு" என்றார் தையல்காரர்.

"பாத்தீங்களா அண்ணி, அண்ணன் என்னை இழித்துரைக்குது."

அன்றிலிருந்து அந்தச் சொல் அந்த வீட்டில் குடியேறிவிட்டது. சோறு குழைந்திருக்கிறது என்றால் சோற்றை இழித்துரைத்தது. கூரை ஒழுகுகிறது என்றால் வீட்டுக்காரரை இழித்துரைத்தது. தையல்காரர் ஒரு நாள் மழையைத் திட்டியபோது நாத்தனார் ஜன்னல் கதவைச் சாத்தி, "மெதுவாப் பேசுண்ணே, ஏழு நாள்ல விளக்கம் கேக்கும்" என்றாள். ரோலரக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முதுகை நிமிர்த்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். பட்டியலில் அந்த மூன்று பேருக்குக் கீழே, காத்திருப்பில், நாலாவதாக ஒருத்தி இருக்கிறாள். நல்ல பெண்தான். அக்காவின் பெயர் போனால் அவள் பெயர் வரும்.

நாலாம் நாள், வேலைக்குப் போகிற வழியில், எழுதுபொருள் கடை வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் போனாள். அவர் தலைக்குமேல் ஒரு பிளாஸ்டிக் தாள். மழை அதில் தேங்கித் தொந்தி போட்டிருந்தது. குறிப்பாணையை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்தத் தெருவில் நல்ல சொற்களுக்குப் பஞ்சம்.

"இழித்துரைத்த வகையில்! எவ்வளவு நாளாச்சு இதைப் பாத்து. எழுதினவர் விவரமான ஆளும்மா."

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"மட்டமாப் பேசுறதுன்னு அர்த்தம். ஆனா அது அகராதியில. ஆபீஸ்ல எந்தப் பக்கமாப் பேசுறோம்கிறதைப் பொறுத்து அர்த்தம் மாறும். இப்போ ஒருத்தர் 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்றார்னு வைங்க. மேலேருந்து கீழ சொன்னா அது அறிவுறுத்தல். பக்கத்துல இருக்கறவரைப் பாத்துச் சொன்னா வாய்த்தகராறு. வீட்டுல சொன்னா சும்மா பேச்சு. கீழேருந்து மேல சொன்னாத்தான் இழித்துரைத்தல். சொல்லு ஒண்ணுதான். ஏறும்போதுதான் குற்றம்."

"அப்போ உண்மையைச் சொன்னாலும்?"

"உண்மை, பொய்யின்னு எல்லாம் அதுல இல்லைம்மா. உசரம்தான் கணக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிப்புக் கடிதம் வேணும்னா நல்லாவே அடிச்சுத் தர்றேன். படிக்கிறவங்க கண்ணு கலங்கும். ஆனா ஒண்ணு. எழுதிக் குடுத்தீங்கன்னா ஒத்துக்கிட்டதாப் போயிடும். அதையே எடுத்துவெச்சுப் பட்டியல்லேருந்து பேரை எடுப்பாங்க. எழுதலைன்னா திமிருன்னு சொல்லி எடுப்பாங்க."

"ரெண்டுலயும் எடுப்பாங்கன்னா?"

"எழுதாம இருந்தா தாள் மிச்சம்."

யோசித்துவிட்டு அவளே ஒரு வரி சொன்னாள். அவர் முகம் சுளித்துக்கொண்டே அடித்தார். அலங்காரமே இல்லாத அந்த வரியை எழுதியது தாம் என்று வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 'சாருக்கு விரிப்பு மடிக்கத் தெரியாது என்று சொன்னேன். சொன்னது நான்தான்.' அதுதான் விளக்கம்.

விளக்கத்தில் பணிவு காணப்படவில்லை என்று ஒருங்கிணைப்பாளர் மேலே எழுதினார். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அம்மாளை அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறி, முழங்கால் வலியோடு, நனைந்த குடையோடு வந்து சேர்ந்தார். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். அலுவலக அறை ஒழுகிக்கொண்டிருந்ததால் விசாரணையை மடிப்பு மேஜைக்கு மாற்றினார்கள். மேஜையின் ஒரு பக்கம் அம்மாளும் பதிவேடும் மூன்று தாளுக்கு நடுவே கார்பனும்; மறுபக்கம் அன்று காலை உலர்ந்த விரிப்புகள். சுற்றிலும் துணி அடுக்குகள். அடுக்குகளுக்குப் பின்னால் அன்றைக்கு என்னவோ எல்லாருக்கும் வேலை இருந்தது.

உலர்த்திகள் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுங்க" என்றார் அம்மாள், ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து.

"அந்த வாசகம் மீண்டும் உச்சரிக்கப்படத் தேவையில்லை என்று கருதுகிறேன்."

"உச்சரிக்காம எப்படிங்க எழுதறது? இழித்துரைன்னு மட்டும் எழுதினா, என்ன இழித்துரைன்னு மேல கேப்பாங்க. நான் ஜாடையிலயா காட்டுவேன்?"

ஒருங்கிணைப்பாளர் குனிந்து மெல்லச் சொன்னார்.

"கேக்கலை. மிஷின் சத்தம்."

"எனக்கு விரிப்பு மடிக்கத் தெரியாது என்று!"

அது கூடத்தின் கோடி வரைக்கும் போயிற்று. கடைசித் தொட்டியருகே யாரோ ஒருவர், "இது எப்பவோ தெரிஞ்சதுதானே" என்றார். அம்மாள் எழுதினார். எழுதியதை விதிப்படி உரக்கப் படித்தார். பிறகு சாட்சியாக ஆவி வந்தார்.

"உங்க ஒருங்கிணைப்பாளரைப் பத்தி இவங்க என்ன சொன்னாங்க?"

"சாருக்கு விரிப்பு மடிக்கத் தெரியாதுன்னு சொன்னாங்கம்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைம்மா. கைக்குட்டைகூடத் தெரியாதுன்னு சொன்னது நான். அது அப்புறமாத் தேநீர் நேரத்துல."

அதையும் எழுதினார். அதையும் படித்தார். ஒரு வியாழக்கிழமை இரண்டு பெண்கள் காதில் விழுந்து அத்தோடு போயிருக்க வேண்டிய சொல், இப்போது கார்பன் வைத்து மூன்று பிரதியில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று தலைமை அலுவலகத்துக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கோப்புக்கு. அவர் கழுத்துப் பட்டனைக் கழற்றினார்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் அம்மாள். "இழித்துரைத்தீங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்கம்மா. மடிக்கத் தெரியாதுன்னு சொன்னது தெரியும். அதுக்கு எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

அம்மாள் பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். பின்னட்டை இல்லாத புத்தகம். விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, தேடிப் பிடித்து வாசித்தார்: "'இழித்துரைத்தல் என்பது, ஒருவருக்கு உள்ள தகுதியை இல்லை என்றோ, உள்ளதைவிடக் குறைவு என்றோ பிறர் அறியக் கூறுதல்.' சரி. உள்ள தகுதியைன்னு போட்டிருக்கு. அப்போ உள்ளதா இல்லையான்னு பாத்துட்டாப் போச்சு. எனக்கு மூணரைக்குப் பஸ்."

ரோலரக்காவுக்கு மூச்சு வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு விரிப்பு இருக்கிறது, ஒரு மேஜை இருக்கிறது, நான்கு வருஷமாக அவரை அவளுக்குத் தெரியும்.

ஆனால் ஒருங்கிணைப்பாளர் முகம் வாடவில்லை. மாறாக, பரிசு வாங்கப் பெயர் கூப்பிட்டது போல் எழுந்தார். "இந்தத் தருணத்துக்காகவே காத்திருந்தேன்" என்றார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மேலே ஏற்றினார். எலாஸ்டிக் விரிப்பு ஒன்றை உருவி, உதறி, உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இரண்டு மூலைக்குள்ளும் விரலை நுழைத்துத் தூக்கினார். கச்சிதமாக. அடுக்குகளுக்குப் பின்னால் ஒரு முனகல் எழுந்தது. ஆவி வாயைத் திறந்தவர் மூடவில்லை.

தூக்கியவர் அப்படியே நின்றார்.

அவருக்கு இந்தப் பாதிதான் தெரியும் என்பது ரோலரக்காவுக்கு உடனே புரிந்தது. எங்கேயோ யாரோ எதிரில் நின்று மறுபாதியைப் பிடித்திருக்கிறார்கள். இப்போது எதிரில் யாரும் இல்லை. கூடமே மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றது. அவர் கை மேலே இருந்தது. விரிப்பின் மறுமுனை கனத்தில் மெல்ல மெல்ல இறங்கியது. தரைக்கு ஒரு சாண். அரைச் சாண். வெந்நீரில் கிடந்து, உலர்ந்து, சூடு ஆறாத வெள்ளை விரிப்பு. தரை முழுக்க மழைச் சேறு.

சும்மா நின்றிருந்தால் போதும். ஐந்து நொடி நின்றிருந்தால் விரிப்பு தரையில் கிடந்திருக்கும், அவர் திரும்பவும் குழந்தையைத் தூக்கியிருப்பார், அவள் நிரந்தரமாகியிருப்பாள்.

அவள் கை நிற்கவில்லை. எட்டு வருஷமாக மறுமுனையைப் பிடித்த கை. தரையில் படுவதற்கு நாலு விரல்கடை இருக்கும்போது இரண்டு மூலையையும் அள்ளிவிட்டாள். மூலைக்குள் மூலை போயிற்று. அவர் இரண்டடி வந்தார், அவள் இரண்டடி வந்தாள், கை மாறியது, நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று. மேஜைமேல் வைத்தபோது அது அளந்து வெட்டினாற்போல் இருந்தது.

ஆவி தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, உங்க கையை உடைக்கணும்!"

"தரையில பட்டா மறுபடி யாரு அலசுறது?" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்குத் தெரிந்தது. இடுப்பில் வலி வந்து உட்கார்ந்தது. பட்டியலில் நாலாவது பெயர் மேலே ஏறுவதைக் கண்ணால் பார்த்தாள். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? வாயால் வந்ததைக் கையால் கெடுத்தேன் என்றா?

அம்மாள் மடித்த விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். "மடிச்சிட்டாரேம்மா" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. "இவருக்குத்தான் தெரியுதே." பேனாவை எடுத்தார்.

அந்த நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வெற்றி மேஜைமேல் நாலு மடிப்பாகக் கிடந்தது. ஆனால் அடுக்குகளுக்குப் பின்னால் இருபது பேர். அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷத்தில் அப்படி அவர்கள் பார்த்ததில்லை.

"இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல" என்றார், சட்டைக் கையை இறக்கிக்கொண்டே. "முறையாக முயன்றால் யாருக்கும் வசப்படும். எனக்கு இரண்டே மாலை பிடித்தது. எதிர்முனை பிடித்த என் மனைவிக்கு இன்னமும் சரியாக வரவில்லை."

அம்மாளின் பேனா தாளுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"ரெண்டு மாலையா? நல்ல வேகம்தான். எந்த ரெண்டு மாலைங்க?"

"ஒரு சனி, ஒரு ஞாயிறு. வீட்டுக் கூடத்தில்."

"எந்தச் சனி ஞாயிறு?"

"அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த..." என்றவர் அங்கே நின்றார். மூலையில் உலர்த்தி ஒன்று ஓட்டம் முடிந்து மணி அடித்தது. ஆவி அதை நிறுத்தப் போகவில்லை.

அம்மாள் விரல் மடித்து எண்ணினார். "வியாழக்கிழமை அவங்க சொன்னாங்க. சனி ஞாயிறு நீங்க கத்துக்கிட்டீங்க. செவ்வாய்க்கிழமை குறிப்பாணை குடுத்தீங்க. அப்போ வியாழக்கிழமை காலைல பதினொண்ணு பத்துக்கு?"

ஒருங்கிணைப்பாளர் மேஜையைப் பார்த்தார். பிறகு தமக்குப் பழக்கமான உயரத்தில் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்தார்.

"வியாழக்கிழமை பயிற்சி தொடங்கப்பட்டிருக்கவில்லை."

"தெரியாதுன்னு எழுதிக்கட்டுமா?"

"பயிற்சி தொடங்கப்பட்டிருக்கவில்லை என்றே எழுதுங்கள்."

"உங்க இஷ்டம்." அப்படியே எழுதினார். அப்படியே உரக்கப் படித்தார். "கீழ கையெழுத்துப் போடுங்க. பதவியோட முழுப் பேரும் வரணும், சுருக்கக் கூடாது."

மூன்று பிரதியிலும் அவர் கையெழுத்துப் போட்டார். பதவி நீளம் என்பதால் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மாள் புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டார். "அன்னைக்கு இல்லாத தகுதியை அன்னைக்கு இல்லைன்னுதான் இவங்க சொல்லியிருக்காங்க. இன்னைக்கு இருக்குன்னா, அதுக்கும் இவங்க சொன்னதுதான் காரணம்னு தெரியுது. மஞ்சள் கோட்டைத் தாண்டினதுக்கு மட்டும் எச்சரிக்கைன்னு போடுறேன், இல்லைன்னா நான் சும்மா வந்துட்டுப் போனதா நினைப்பாங்க." எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டு ரோலரக்காவைப் பார்த்தார். "எச்சரிச்சாச்சு. சரியா?"

"சரிங்கம்மா."

"குடை எங்க வெச்சேன்?"

மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. இரண்டாவது பெயர் இரண்டாவதாகவே இருந்தது. தையல்காரர் அந்தத் தாளை யாரிடமோ கேட்டு ஒரு நகல் எடுத்து வந்து, பழைய நாட்காட்டி அட்டைக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். நாத்தனாருக்கு மட்டும் ஏமாற்றம். கூடத்துக்கு வருவதற்காக அவள் தயார் செய்து வைத்திருந்த பதினேழு வாக்கியம் வீணாகிப் போனது. பிற்பாடு கவுண்டரில் ஒவ்வொன்றாகச் செலவு செய்தாள்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை தொங்கியது. 'இருவர் மடிப்பு முறை: அறிமுகம். பயிற்சியில் பெற்ற அனுபவத்தின் அடிப்படையில், இனி விரிப்புகள் இரண்டு பணியாளர்களால் எதிரெதிர் நின்று மடிக்கப்பட வேண்டும். வடிவமைப்பு: துணிப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்.' அந்தக் கூடம் தொடங்கிய நாள் முதலாக அப்படித்தான் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவி அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரோலரக்கா, "வேண்டாம்ணே. மூணு பிரதி எடுப்பாங்க" என்றாள்.

மழை விட்ட அன்று காலை அடுக்கு அடுக்காக விரிப்பு வந்து குவிந்தது. அவள் நின்ற வாக்கில் ஒன்றை உருவி இரண்டு மூலையைத் தூக்கினாள். பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்க்கவில்லை, பார்க்கும் வழக்கமில்லை. மறுமுனை உயர்ந்தபோது அதற்குப் பின்னால் மூன்று பேனா தெரிந்தது. கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர். மஞ்சள் கோடு அவருக்குப் பின்னால் ஒரு முழத்தில் கிடந்தது.

கூடத்தில் அவரவர் விரிப்பைக் கையில் பிடித்தபடி திரும்பினார்கள்.

அக்கா ஒரு நொடி தயங்கினாள். விரிப்பின் நடுவில் தொய்வு விழுந்திருந்தது. எட்டு வருஷப் பழக்கம், வாயையும் விடவில்லை.

"நல்லா இழுத்துப் பிடிங்க சார். இப்படித் தொங்கவிட்டா எந்தக் காலத்துலயும் மடிப்பு வராது."

"அக்கா!" என்று ஆவி புகைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "இழித்துரை!"

ஒருங்கிணைப்பாளர் காது சிவந்தது. விரிப்பை இழுத்துப் பிடித்தார். துணி விறைத்து நின்றது. அவளைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்:

"இல்லை. இது அறிவுறுத்தல்."

இரண்டடி முன்னால் வந்து மூலையை அவள் கையில் கொடுத்தார்.